ஏப்ரல் மாத வயிற்றுவலி: வடசென்னைப் பையன் ஒருவனுக்குத் தாமதமாகக் கிடைத்த உதவி

மே மாத வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கேரம் போர்டு முன்னால் உட்கார்ந்திருந்தான். கேரம் கிளப் நடத்துகிற அண்ணன்தான் அதை முதலில் கவனித்தார். காசிமேடு பக்கம் மே மாதத்தில் பையன்கள் பனியனைக்கூடக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் ஆடுவார்கள். இவன் மட்டும் மணிக்கட்டு வரை பட்டன் போட்டிருந்தான். ஸ்ட்ரைக்கரைச் சுண்டும்போது சட்டைக் கை போர்டில் உரசிக் காய் நகர்ந்துவிடுகிறது, எதிரில் ஆடுகிறவன் ஃபவுல் ஃபவுல் என்று கத்துகிறான், அப்போதும் கையை மடிக்கவில்லை. ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு அண்ணன், "கைய காட்டுடா" என்றார். காட்டினான். இடது முன்கையில் வரிவரியாகக் கீறல்கள். சில பழையவை, இரண்டு புதுசு.

அண்ணன் திட்டவில்லை, வீட்டுக்குப் போன் போடவில்லை, ஏன் இப்படிப் பண்ணினாய் என்றுகூடக் கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். அப்புறம், "எனக்குத் தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க இருக்காங்க, சும்மா போய் உக்காந்துட்டு வரலாம், பேசணும்னுலாம் இல்ல" என்று சொல்லி எங்கள் மையத்துக்குக் கூட்டி வந்தார். அங்கே நான் மனநல சமூகப் பணியாளர். மையம் என்றால் ஒரு மாடி அறை, நாலு நாற்காலி, ஒரு மேஜை. அவ்வளவுதான்.

அவனை இங்கே தம்பி என்றே எழுதுகிறேன். வயது, படிப்பு, வீட்டு விவரம் எல்லாம் மாற்றியவை. இதே மாதிரி வந்த வேறு இரண்டு மூன்று பிள்ளைகளின் விவரங்களும் இதில் கலந்திருக்கின்றன, அதனால் எந்த ஒரு வீட்டையும் யாரும் அடையாளம் காண முடியாது. ஆனால் நான் சொல்ல வந்த விஷயம் மாறவில்லை. எங்களிடம் வரும்போது அவனுக்கு 16 வயது. அதற்கு முந்தைய 7 வருஷத்தில் ஐந்து முறை பெரியவர்களிடம் உதவி கேட்டு வந்திருக்கிறான். வாயைத் திறந்து கேட்கவில்லை. உடம்பால் கேட்டான், தூக்கத்தால் கேட்டான், சண்டையால் கேட்டான். ஐந்து முறையும் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

வீடு

அப்பா காசிமேட்டிலிருந்து போகும் விசைப்படகு ஒன்றில் கூலியாள். படகு கிளம்பினால் ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் கரை. அம்மாவுக்கு எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை, காலையிலிருந்து ராத்திரி ஒன்பது வரை நின்றுகொண்டே. அம்மாவின் அம்மா, ஆயா, கருவாடு விற்கிறார். தம்பிக்கு ஏழு வயது இளைய தங்கை ஒருத்தி. ஒரே அறை, அதிலேயே சமையல் மூலை.

அப்பா கடலில் இருக்கிற நாட்களில் அது எல்லா வீடு மாதிரியும் ஒரு வீடு. கரையில் இருக்கிற நாட்களில் குடி, குடித்தால் அடி. அம்மாவைத்தான் அடிப்பார், குறுக்கே போனால் இவனுக்கும் விழும். கிழக்குக் கடற்கரையில் ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனம் பெருகுகிற பருவம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. கடலுக்கு அது நல்லதுதான். இந்த வீட்டில் அந்த 61 நாளும் அப்பா கரையிலேயே, கையில் காசு இல்லாமல், கடன் வாங்கிக் குடித்துக்கொண்டு. பள்ளிக்கூடமும் லீவு என்பதால் பையனும் வீட்டிலேயே.

மீனவர் வீடு என்றாலே இப்படித்தான் என்று யாராவது இதிலிருந்து எடுத்துக்கொண்டால் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும். அதே தெருவில் தடைக்காலத்தில் திண்ணையில் வலையைச் சரிபார்த்துக்கொண்டே பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். அடியும் குடியும் எல்லா ஏரியாவிலும் இருக்கின்றன, சில இடங்களில் கதவு கனமாக இருப்பதால் சத்தம் வெளியே வருவதில்லை.

தம்பிக்கு 14 வயதாகும்போது அப்பா கல்லீரல் கெட்டு இறந்துபோனார். சாவு வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அம்மாவின் காதில், இனிமேலாவது நிம்மதியா இரு என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். தொந்தரவு கொடுத்தவர் போய்விட்டார், இனி என்ன பிரச்சினை என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த நினைப்பினாலேயே இன்னும் இரண்டு வருஷம் போனது.

ஐந்து முறை வந்தான்

முதல் முறை 9 வயதில். அதுவரை இல்லாமல் படுக்கையை நனைக்க ஆரம்பித்தான். பையன் எதையோ பார்த்துப் பயந்திருக்கிறான் என்று ஆயா தர்காவுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டி, ஒரு மாதம் தன் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்டார். நின்றுவிட்டது. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. பிள்ளை பயந்திருக்கிறான் என்று அந்த வீட்டில் சரியாகச் சொன்ன ஒரே ஆள் ஆயாதான், அவர் செய்த வைத்தியத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டது நிஜமான வைத்தியம். எதைப் பார்த்துப் பயந்தான் என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் அந்த வீட்டில் இல்லை, எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது 11 வயதில், வயிற்றுவலி. காலையில் சுருண்டு படுத்துக்கொள்வான், சில நாள் வாந்தி. மூன்று இடத்தில் காட்டினார்கள். கேஸ் என்று சிரப், பூச்சி மாத்திரை, ஒரு ஸ்கேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால் நடிக்கிறான் என்று ஒரு டாக்டர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார், அதுவும் பையன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. வலி நிஜம். குடலும் மூளையும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருப்பவை, பயத்தில் இருக்கிற பிள்ளைக்கு வயிறு நிஜமாகவே வலிக்கும். நடிக்கிறான் என்ற அந்த ஒரு வார்த்தையை ஐந்து வருஷம் கழித்து என்னிடம் அப்படியே திருப்பிச் சொன்னான்.

மூன்றாவது, எட்டாம் வகுப்பு. பின்னாலிருந்து தோளில் கை போட்ட பையனை ஒரே குத்து, பல் உடைந்துவிட்டது. டிசி கொடுத்துவிடுவோம் என்றார்கள், அம்மா காலில் விழாத குறையாகக் கெஞ்சி, எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். ரௌடி என்ற பெயர் அன்று ஒட்டியது. பின்னாலிருந்து யாராவது தொட்டால் அவனுக்கு என்ன ஆகிறது என்று யாரும் யோசிக்கவில்லை.

நான்காவது, வகுப்பில் தூக்கம். ஒன்பதாம் வகுப்பு முழுக்கத் தூங்கியிருக்கிறான். பெஞ்சு மேல் நிற்க வைத்தார்கள், நின்றுகொண்டே தூங்கினான், போன் பார்க்கிறான் என்றார்கள். ராத்திரி அப்பா எழுந்து அம்மாவை அடிக்காமல் இருக்கக் கதவோரம் உட்கார்ந்து காவல் காத்த பிள்ளை அவன். அப்பா போன பிறகும் உடம்புக்கு அந்தக் காவல் வேலையை விடத் தெரியவில்லை.

ஐந்தாவது 15 வயதில். நள்ளிரவில் கடற்கரைக் கருங்கல் மேல் பெரிய பையன்களோடு உட்கார்ந்திருந்தவனை ரோந்து போலீஸ் பிடித்தது. உதட்டுக்குள் வைக்கிற புகையிலைப் பொட்டலம் பாக்கெட்டில் இருந்தது. விடியும்வரை ஸ்டேஷனில் உட்கார வைத்து, அறிவுரை சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடிக்கவில்லை, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் 15 வயதுப் பையன் ராத்திரி ஒரு மணிக்கு வீட்டுக்குப் போகாமல் ஏன் கல்மேல் உட்கார்ந்திருக்கிறான் என்ற கேள்வி அந்த இடத்திலும் வரவில்லை.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்தால் யார்மேலும் பெரிய தப்பு இல்லை. அந்த டாக்டர் அன்று நூறு பேரைப் பார்த்திருப்பார், அந்த ஆசிரியரிடம் அறுபது பிள்ளைகள். ஐந்தையும் ஒரே ஆள் ஒரே மேஜையில் வைத்துப் பார்த்திருந்தால் பத்து நிமிஷத்தில் புரிந்திருக்கும். அப்படி ஒரு மேஜை நம்மிடம் இல்லை.

ஆயாவின் மஞ்சப்பை

என் மேஜைக்கு அது வந்ததும் தற்செயலாகத்தான். மூன்றாவது வாரம் ஆயா வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை, அதற்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் அவனுடைய ஓபி சீட்டுகள் எல்லாம், கருவாட்டு வாசனையோடு. "டாக்டரம்மா, எல்லாத்தையும் எடுத்தாந்துட்டேன், பாத்துக்க." நான் டாக்டர் இல்லை ஆயா என்று சொன்னேன், அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சீட்டுகளை மேஜையில் பரப்பி வருஷவாரியாக அடுக்கிக்கொண்டே வந்தேன், தேதி முத்திரைகளைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. மார்ச் 28. ஏப்ரல் 9. ஏப்ரல் 22. மே 3. அடுத்த வருஷம் ஏப்ரல் 4, ஏப்ரல் 19. ஜூலை இல்லை, நவம்பர் இல்லை, எல்லாமே தடைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னாலோ நடுவிலோ. பல் உடைந்த சண்டை எப்போது என்று கேட்டேன், முழுப்பரிட்சைக்கு முன்னால் என்றார். போலீஸ் பிடித்தது மே மாதம். படுக்கை நனைந்தது? "சித்திரைல." கையைக் கீறிக்கொண்டு வந்ததும் மே.

தடைக்காலத்தில் காசிமேட்டில் போட்டுகளைக் கரையேற்றி ரிப்பேர் பார்த்துப் பெயிண்ட் அடிப்பார்கள், துறைமுகம் பக்கம் போனாலே அந்த வாசனை மூக்கில் ஏறும். அப்பா அந்த இரண்டு மாதம் கூலிக்குப் பெயிண்ட் அடிக்கப் போவார், சட்டையில் அந்த வாசனையோடு, வாயில் சாராய வாசனையோடு வீட்டுக்கு வருவார். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. தேதிகளை அவனிடம் காட்டி, ஏப்ரலில் என்னப்பா என்று கேட்டபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவனே சொன்னான்: "பெயிண்ட் வாசன வந்தா எனக்கு வாந்தி வரும்க்கா." அன்றைக்குத்தான் முதல் முறையாக மேடம் போய் அக்கா ஆனது.

ஆபத்து வரப்போகிறது என்று மூளைக்குள் மணி அடிக்கிற பகுதிக்கு அமிக்டலா என்று பெயர். சின்ன வயதில் திரும்பத் திரும்ப அடிபட்ட பிள்ளைக்கு அந்த மணி லேசான தூண்டுதலுக்கே அடிக்கும், வாசனை, காலடிச் சத்தம், தோளில் ஒரு கை, எது வேண்டுமானாலும் போதும். யோசித்து முடிவெடுக்கிற முன்மூளை விழிப்பதற்குள் உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிவிடும். அவனுக்கு அப்பா செத்துப்போனது நன்றாகத் தெரியும், அந்த மணிக்குத் தெரியாது.

எண்ணிக்கை எதற்கு, எதற்கு இல்லை

இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் ஆய்வு 1998இல் வந்தது. அமெரிக்காவின் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா இருவரும் தலைமை தாங்கிய குழு, 18 வயதுக்குள் பட்ட அடி, வீட்டில் குடி, அம்மா அடிபடுவதைப் பார்த்தது போன்ற துன்பங்களை வகைவகையாகப் பிரித்து எண்ணியது. முழு ஆய்விலும் 17,000க்கும் மேற்பட்டவர்கள். நாலு வகையோ அதற்கு மேலோ பட்டவர்களுக்குக் குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி இவற்றின் ஆபத்து ஒன்றும் படாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு அதிகமாக இருந்தது. அதில் கலந்துகொண்டவர்கள் குப்பத்து ஏழைகள் இல்லை, மருத்துவக் காப்பீடு வைத்திருந்த, பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்துக்காரர்கள். கதவு கனமான வீடுகள் என்று சொன்னேனே, அவர்கள்தான்.

தம்பிக்கு எண்ணினால் ஐந்து வரும். ஆனால் அந்த ஐந்தை அவன் கோப்பின் மேல் எழுதி வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. கூட்டத்துக்குச் சொன்ன கணக்கைத் தனி ஆளின் ஜாதகமாக வாசிக்கக்கூடாது என்று 2020இல் ஆண்டாவே எழுதியிருக்கிறார். இன்னொன்று, அந்தப் பழைய பட்டியலில் தெருச் சண்டையும் இல்லை, வறுமையும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் பிறகு செய்த கேள்வித்தாளில் சக பிள்ளைகளின் வன்முறை, தெரு வன்முறை இரண்டும் சேர்ந்தன. வீட்டு முகவரி சொன்னதுமே வேலை கொடுக்கிறவர் முகம் மாறுகிறதே, அது எந்தப் பட்டியலில் வரும்? வடசென்னைப் பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு காயம்தான், 2023 டிசம்பரில் எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெய் வீட்டுக்குள் வந்ததும் காயம்தான்.

என்ன செய்தோம்

முதலில் உயிர். முதல் சந்திப்பிலேயே, சாகணும்னு தோணுமா என்று நேராகக் கேட்டேன். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அது சரியில்லை, கேட்டால் பெரும்பாலும் பிள்ளைகள் மூச்சு விடுகிறார்கள். சில ராத்திரி தோணும், ஆனா தங்கச்சி இருக்கா என்றான். அதே வாரம் ஆயாவோடு உட்கார்ந்து, வீட்டில் ஆபத்தானவை எவை என்று பார்த்து அப்புறப்படுத்தினோம். மனசு மோசமாகும்போது முதலில் என்ன செய்வது, யாரிடம் போவது, யாருக்குப் போன் போடுவது என்று அவனே அவன் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதினான். கடைசி வரியில் 14416, அதாவது டெலி மானஸ், 2022 அக்டோபரில் ஆரம்பித்த அரசு இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். அதற்குக் கீழே குழந்தைகளுக்கான 1098.

ரகசியத்தைப் பற்றி முன்னாலேயே பேசிவிட்டோம். நீ சொல்வது இந்த அறையைத் தாண்டாது, மூன்று விஷயம் தவிர. உன் உயிருக்கு ஆபத்து, இன்னொருவர் உயிருக்கு ஆபத்து, 18 வயதுக்குக் கீழே இருக்கிற யாருக்காவது பாலியல் தொந்தரவு. மூன்றாவதைத் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் 2012 போக்சோ சட்டப்படி குற்றம். இதைச் சொன்னால் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள் என்று நினைப்போம், பின்னால் தெரிந்து நம்பிக்கை உடைவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

இரண்டாவது சந்திப்பில் நான் ஒரு தப்புப் பண்ணினேன். அவன் கொஞ்சம் பேச ஆரம்பித்ததும், அப்பாவைப் பற்றி முழுசா சொல்லு என்று தூண்டிவிட்டேன். சொன்னான், நடுவில் கை நடுங்கியது, நான் நிறுத்தவில்லை, பேசித் தீர்க்கட்டும் என்று விட்டேன். அதற்கப்புறம் மூன்று வாரம் வரவில்லை. அந்த மூன்று வாரத்தில் கையில் புதிதாக நாலு கீறல். நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், சொல்லும்போது எழும் நடுக்கத்தைத் தாங்கிக்கொள்ள உடம்புக்குப் பழக்க வேண்டும் என்பது எனக்குப் பாடமாகவே தெரியும், தெரிந்தும் அவசரப்பட்டேன். திரும்பிக் கூட்டி வந்ததும் கேரம் அண்ணன்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அதன் பிறகு அறையில் எதிரெதிராக உட்காருவதை விட்டுவிட்டோம். மதியம் காலியாக இருக்கும் நேரத்தில் கிளப்பிலேயே போர்டின் இரண்டு பக்கம் உட்கார்ந்தோம். கண்ணைப் பார்க்க வேண்டாம், கை எதையாவது செய்துகொண்டிருக்கும், பேச்சு வந்தால் வரும். ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்து, மூச்சை இழுத்து, மெதுவாக விட்டு, முழுசாக விட்டு முடித்த பிறகுதான் சுண்ட வேண்டும் என்று ஒரு விதி வைத்தோம். பவுடர் தடவின போர்டு விரலுக்கு எப்படி இருக்கிறது, காய் குழியில் விழும் சத்தம் எப்படி, இப்போது என்ன வாசனை. பதற்றம் ஏறும்போது ஐம்புலனையும் இந்த நிமிஷத்துக்குத் திருப்புகிற பயிற்சி எல்லாப் பாடப்புத்தகத்திலும் உண்டு, அவனுக்கு அது கேரம் போர்டு வழியாகத்தான் ஏறியது. ஏறாமல் இருக்குமா, உலக சாம்பியன் இளவழகி வியாசர்பாடிக்காரர், 2024 உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமாவும் வடசென்னைப் பெண். இந்த ஊரில் கேரம் போர்டுக்கு முன்னால் உட்காரும் பிள்ளைக்கு ஒரு கௌரவம் இருக்கிறது. ஆலோசகர் முன்னால் உட்காரும் பிள்ளைக்கு இன்னும் அது வரவில்லை.

மனநல மருத்துவரிடம் போகலாம் என்றதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "கீழ்ப்பாக்கமா?" 1794இல் தொடங்கிய மனநல மருத்துவமனை, எத்தனையோ பேரைத் தேற்றிய இடம், சென்னைப் பேச்சில் அதன் ஏரியாப் பெயரே வசவு ஆகிவிட்டது. வாதாடவில்லை. எல்லா நோய்க்கும் போகிற பொது மருத்துவமனையின் ஓபிக்கே போனோம், அங்கேயும் மனநலப் பிரிவு உண்டு. மனச்சோர்வும் அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்பும் இருப்பதாக மருத்துவர் சொல்லி, குறைந்த அளவில் ஒரு மாத்திரை எழுதினார். பத்தாவது நாள் அம்மா நிறுத்திவிட்டார், பக்கத்து வீட்டில் யாரோ இது பைத்தியத்துக்குக் கொடுக்கிற மாத்திரை என்று சொன்னார்களாம். இந்த மாத்திரைகள் வேலை செய்யவே சில வாரம் ஆகும், இளம் வயதில் ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று கூடவே இருந்து பார்க்கவும் வேண்டும், திடீரென்று நிறுத்தவும் கூடாது. இதை அம்மாவுக்கு யாரும் நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருக்கவில்லை. நானும்தான் சொல்லவில்லை.

சொல்லப் போனபோதுதான் அம்மாவை முதல் முறை சரியாகப் பார்த்தேன். 15 வருஷம் அடி வாங்கியவர், புருஷன் செத்த பதினாறாம் நாள் கடையில் போய் நின்றவர். நீங்க தூங்குறீங்களா என்று கேட்டேன், கேட்டதும் அழ ஆரம்பித்தவர் அரை மணி நேரம் நிறுத்தவில்லை, இதுவரை யாரும் கேட்கவில்லை என்றார். அன்றிலிருந்து மாதம் ஒரு முறை அவருக்கும் தனியாக ஒரு மணி நேரம். தம்பியின் முன்னேற்றத்தில் பாதி அந்த ஒரு மணி நேரத்தில்தான் நடந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பள்ளியில் ஒரே ஒரு ஆசிரியர் போதும் என்று முடிவு செய்தோம். வேதியியல் ஆசிரியை ஒருவர் சம்மதித்தார். விவரம் எதுவும் சொல்லவில்லை, இரண்டு விஷயம் மட்டும் கேட்டோம். ஒன்று, அவனைக் கடைசி பெஞ்சில் சுவர் ஓரமாக உட்கார விடுங்கள், முதுகுக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது. இரண்டு, எழுந்து வெளியே போனால் ஏன் என்று கேட்காதீர்கள், முகம் கழுவிவிட்டு வந்துவிடுவான். முதல் மாதம் பதினோரு முறை எழுந்து போனான். நாலாவது மாதம் ஒரே ஒரு முறை.

அடுத்த ஏப்ரல்

வந்தது. நாங்கள் தயாராகத்தான் இருந்தோம். மார்ச் கடைசியிலேயே வாரம் இரண்டு சந்திப்பு, துறைமுகம் பக்கம் போகாத வழி, ஆயா வீட்டில் படுக்கை. ஆனால் தெருவில் யாரோ கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தார்கள், அவ்வளவுதான். இரண்டு நாள் வாந்தி, மூன்றாவது நாள் நண்பர்களோடு குடித்துவிட்டு வந்தான். குடித்ததைவிட, அப்பா மாதிரியே ஆயிட்டேன்க்கா என்ற பயம்தான் அவனை அதிகம் உடைத்தது. கையில் மட்டும் கீறல் இல்லை. எழுதி வைத்த தாளை எடுத்தானாம், முதல் வரியில் எழுதியிருந்தபடி கிளப்புக்குப் போனானாம், பூட்டியிருந்ததாம், வாசலிலேயே விடியும்வரை உட்கார்ந்திருந்தானாம். காலையில் அண்ணன் வந்து கதவைத் திறந்தார்.

பிளஸ் டூவில் பாஸ், குறைந்த மார்க்தான். இப்போது ஐடிஐயில் ஏசி மெக்கானிக் படிப்பு. மாத்திரையை மருத்துவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட்டார். இன்னும் பஸ்ஸில் கடைசி சீட்டில்தான் உட்காருகிறான், இன்னும் ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வரும் நாட்கள் உண்டு. மொத்தம் 16 மாதம், 40 சந்திப்புக்குக் கொஞ்சம் மேலே. 11 வயதில் வயிற்றுவலியோடு வந்தபோதே தொடங்கியிருந்தால் இதில் கால்வாசி போதுமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நிரூபிக்க முடியாது, ஆனால் தோன்றுகிறது.

மனநலப் பிரச்சினைகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள், பாதி 18 வயதுக்குள் தலைகாட்டிவிடுகின்றன என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. 2015-16 தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. ஆஸ்திரேலியாவில் 2006லேயே 12 முதல் 25 வயதினருக்கென்று ஹெட்ஸ்பேஸ் என்ற மனநல அமைப்பைத் தொடங்கினார்கள், அதன் மையங்களுக்குள் நோய்ப் பெயர் இல்லாமலே போகலாம். அது பணக்கார நாட்டுச் சமாசாரம் என்று சொல்கிறவர்களுக்குப் பீகாரைக் காட்டுவேன். அங்கே அரசுப் பள்ளிகளில் நடந்து 2018இல் லான்செட்டில் வெளியான ஆய்வில், பயிற்சி கொடுத்த சாதாரண ஆலோசகர் ஒருவரைப் பள்ளிக்கே அனுப்பியபோது பிள்ளைகளின் மனச்சோர்வும் அடிதடியும் கேலிக் கொடுமையும் குறைந்தன. அதே வேலையை ஆசிரியர்களிடமே கொடுத்த பள்ளிகளில் பலன் இல்லை. ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. இருக்கிற பாரத்தின் மேல் இதையும் தூக்கி வைத்துவிட்டு, பள்ளியில் ஆலோசனை இருக்கிறது என்று கணக்குக் காட்டக்கூடாது. தனி ஆள் வேண்டும், முழு நேரம், பிள்ளைகள் நடந்தே போகிற தூரத்தில். கொருக்குப்பேட்டையில் இருக்கிற பிள்ளை இரண்டு பஸ் மாறி வர வேண்டும் என்றால் வராது. வயிற்றுவலி என்று மூன்றாவது முறை ஓபிக்கு வரும் பிள்ளையிடம், வீட்டில் எல்லாம் எப்படி இருக்கிறது என்று தனியாக ஐந்து நிமிஷம் கேட்க ஒரு ஆள் அதே கட்டடத்தில் இருக்க வேண்டும்.

போன மார்ச் மாதம் இரண்டாவது வாரம் மாடிப்படியில் சத்தம் கேட்டது. ஆயா, பின்னால் தம்பி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு தங்கை. அவளுக்கு இப்போது 11 வயது. மஞ்சப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு ஆயா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "இதுக்கும் வயித்த வலிங்குதுமா. சித்திர வரைக்கும் வெச்சிருக்க வாணாம்னு இப்பவே இட்டாந்துட்டேன்."

தங்கை நின்றுகொண்டே இருந்தாள். தம்பி நாலு நாற்காலியையும் ஒரு தடவை பார்த்தான், ஒன்றை எடுத்துச் சுவரோடு சுவராகப் போட்டான், "இங்க உக்காரு" என்றான். உட்கார்ந்தாள்.